கவுன்சிலின் பராமரிப்புக் கட்டணம்: எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து என்பதை எப்போது சொல்ல வேண்டும்?

பனைநிழல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் எங்கள் பகுதிக் கவுன்சில், வயது வந்தோருக்கான சமூகப் பராமரிப்புக் கட்டணக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்து, குடியிருப்பாளர்களின் கருத்தைக் கேட்டிருக்கிறது. எந்த வருமானத்தைக் கணக்கில் எடுப்பார்கள், எந்தச் செலவைக் கழிப்பார்கள் என்பதெல்லாம் அந்த ஆவணத்தில் பக்கம் பக்கமாக இருக்கிறது. ஆனால் கட்டணத்தை உரியவரிடம் யார், எப்போது, எந்த வடிவில் தெரிவிப்பார்கள் என்பதற்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறார்கள். "உரிய காலத்தில் எழுத்து மூலம் அறிவிக்கப்படும்" என்பது அந்த வரியின் சாரம். அதைப் பற்றித்தான் இங்கே கேட்க விரும்புகிறேன்.

என் தாயார் இடுப்பு எலும்பு முறிந்து, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது, முதல் சில வாரங்களுக்கான பராமரிப்பு இலவசம் என்று சொன்னார்கள். அது முடிந்த பிறகும் அதே பெண்கள் அதே சீருடையில் காலையும் மாலையும் வந்துகொண்டிருந்ததால், இலவசம் முடிந்து கட்டணம் தொடங்கிய நாள் எது என்பது எங்களுக்குத் தெரியவே இல்லை. தொலைபேசியில் பேசிய சமூகப் பணியாளர், "உங்கள் பங்காக ஏதாவது செலுத்த வேண்டி வரலாம்" என்று போகிற போக்கில் சொன்னதோடு சரி. பல மாதங்களுக்குப் பிறகு மூவாயிரம் பவுண்டுக்கு மேல் நிலுவை என்று ஒரு பில், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத, நினைவும் தடுமாறத் தொடங்கிவிட்ட அம்மாவின் பெயருக்கே வந்தது. தொகையின் அளவைக் கேட்டதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அந்தப் பிள்ளைகளை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல், நான் கடன்காரியாகச் சாக மாட்டேன்" என்பதுதான்.

கட்டணமே கூடாது என்று நான் வாதிட வரவில்லை. சட்டம் எந்தக் கட்டத்தில் எதைத் தெரிவிக்கச் சொல்கிறது, கவுன்சிலுக்குள் இந்தத் தாமதம் எங்கே உண்டாகிறது, கருத்துக்கேட்புக்கு நான் எழுதும் பதிலில் எதைத் திட்டவட்டமாகக் கேட்க வேண்டும் என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பழைய மதிப்பீட்டாளர் (பதில்)

நான் ஓய்வு பெறும்வரை மிட்லண்ட்ஸ் பகுதிக் கவுன்சில் ஒன்றில் நிதி மதிப்பீட்டுப் பிரிவில் வேலை செய்தவன். எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு உள்ளேயிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பராமரிப்பை ஏற்பாடு செய்வது ஒரு பிரிவு, கட்டணத்தைக் கணக்கிடுவது இன்னொரு பிரிவு, பில் அனுப்புவது பல இடங்களில் மூன்றாவது பிரிவு. மருத்துவமனை படுக்கையைக் காலிசெய்யச் சொல்லி நெருக்கும்போது சமூகப் பணியாளர் அன்று மாலைக்குள் பராமரிப்பாளரை ஏற்பாடு செய்துவிடுவார். ஆனால் நிதிப் பிரிவுக்குப் போக வேண்டிய குறிப்பு அவருடைய கணினியில் வேறொரு திரையில் இருக்கும், அதை நிரப்ப அவருக்கு அடுத்த வாரம்தான் நேரம் கிடைக்கும். பிறகு அது எங்கள் வரிசையில் வந்து நிற்கும். நாங்கள் படிவம் அனுப்புவோம், வங்கி அறிக்கை கேட்போம், பாதி ஆவணங்களே திரும்பி வரும், நினைவூட்டல் அனுப்புவோம். பதிலே வராவிட்டால் 'விவரம் தர மறுத்தவர்' என்ற வகையில் சேர்த்து முழுச் செலவையும் விதித்துவிடும் வழக்கமும் உண்டு. மறுத்தவர் வேறு, கடிதம் புரியாமல் மேசை இழுப்பறையில் போட்டவர் வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க அந்த நடைமுறையில் இடமே இல்லை.

இதற்கிடையில் கட்டணம் மட்டும் பராமரிப்பு தொடங்கிய நாளிலிருந்தே ஏறிக்கொண்டிருக்கும். கணக்கு முடியும் நாளில் முதல் பில் வரும். அதனால் முதல் பில்லே நிலுவைப் பில்லாகிவிடுகிறது. இதில் எந்த ஓர் ஊழியரும் தவறு செய்திருக்க மாட்டார். ஆனாலும் உங்கள் அம்மாவுக்கு வந்தது போன்ற கடிதம் தானாகவே உருவாகிவிடும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலான முதியோரின் கட்டணத்தைத் தோராயமாகச் சொல்ல அரை மணி நேரம் போதும். 2025-26 நிதியாண்டின் தொகைகளை வைத்து ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். தனியாக வசிக்கும் ஒருவருக்குப் பென்ஷன் கிரெடிட் என்ற, குறைந்த வருமானமுள்ள ஓய்வூதியருக்கான அரச உதவித்தொகையின் அடிப்படை உத்தரவாதத் தொகையாக வாரம் 227.10 பவுண்டும், கடும் ஊனத்துக்கான கூடுதலாக 82.90 பவுண்டும் சேர்ந்து 310 பவுண்டு கிடைக்கிறது. அன்றாடப் பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகையின் கீழ்நிலைத் தொகை 73.90 பவுண்டு, ஆக மொத்தம் 383.90 பவுண்டு. ஓய்வூதிய வயதை அடைந்த தனியாளின் கையில் கட்டாயம் விட்டுவைக்க வேண்டிய குறைந்தபட்ச வருமான உத்தரவாதம் 232.60 பவுண்டு. மீதி 151.30 பவுண்டு. அதிலிருந்து ஊனத்தால் ஏற்படும் கூடுதல் செலவுகளைக் கழிக்க வேண்டும்: மிகையான வெப்பமூட்டல், சலவை, அவசர அழைப்புக் கருவி, மருந்துக் கடையில் வாங்கும் கையுறைகள் போன்றவை. வாரம் 20 பவுண்டு அப்படிக் கழிந்தால் கட்டணம் 131.30 பவுண்டு. சேமிப்பு 14,250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் அதைத் தொடவே மாட்டார்கள். அதற்கும் 23,250 பவுண்டுக்கும் இடையில் இருந்தால் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் ஒரு பவுண்டு வருமானம் இருப்பதாகக் கொள்வார்கள். 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் அவருடையதே. வீட்டிலேயே பராமரிப்புப் பெறுபவரின் சொந்த வீட்டு மதிப்பு இந்தக் கணக்கில் வராது.

இவ்வளவையும் சமூகப் பணியாளர் பராமரிப்புத் திட்டத்தைப் பேசும் அதே நாளில், ஒரு பக்கத் தாளில், "உங்கள் கட்டணம் வாரத்துக்கு ஏறக்குறைய இவ்வளவு, இந்தத் தேதியிலிருந்து" என்று எழுதிக் கொடுக்க முடியும். முழு மதிப்பீட்டில் பத்துப் பவுண்டு கூடலாம், குறையலாம். அதனால் யாரும் மனமுடைந்து போக மாட்டார்கள். ஒன்றுமே சொல்லாமல் இருந்துவிட்டு மூவாயிரம் கேட்பதுதான் மனிதரை உலுக்கிப் போடுகிறது.

இன்னொரு பொறியும் உண்டு. கவுன்சிலின் ஊழியரே அக்கறையோடு உட்கார்ந்து அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு விண்ணப்பிக்க உதவுவார். அது கிடைத்ததும் வருமானம் உயர்ந்ததாகக் கொண்டு, கிடைத்த தேதியிலிருந்தே கட்டணம் உயர்த்தப்படும். பழைய தேதியிலிருந்து வரும் தொகையைக் குடும்பம் குளிர்காலச் செலவுக்கோ தளபாடத்துக்கோ பயன்படுத்திய பிறகு அந்த உயர்வு தெரியவரும். விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்கும் அன்றே, "இது வந்தால் உங்கள் கட்டணமும் கூடும், வருவதில் ஒரு பகுதியை ஒதுக்கி வையுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்தச் சிக்கலே எழாது.

நியாயத்தராசு (பதில்)

ஆலோசனை மையம் ஒன்றில் தன்னார்வலராகப் பணியாற்றுகிறேன். சட்டம் குறித்த முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

இங்கிலாந்தில் இதற்கு அடித்தளம் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம். அதன் முதன்மைப் பகுதிகள் 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. கட்டணம் விதிக்கலாம் என்று சொல்லும் 14ஆம் பிரிவைக் கவுன்சில்கள் அடிக்கடி மேற்கோள் காட்டும். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, தரப்படும் தகவல் அதைப் பெறுபவருக்குப் புரியக்கூடியதாகவும் அவருடைய தேவைக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 17ஆம் பிரிவின்படி நிதி மதிப்பீட்டின் எழுத்துப் பதிவை உரியவருக்குக் கொடுத்தாக வேண்டும். உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது 26ஆம் பிரிவு: ஒருவருக்கான தனிநபர் வரவுசெலவுத் திட்டத்தில், பராமரிப்பின் மொத்தச் செலவு எவ்வளவு, அதில் அவர் செலுத்த வேண்டியது எவ்வளவு, கவுன்சில் செலுத்துவது எவ்வளவு என்ற மூன்றும் இருக்க வேண்டும். அதாவது கட்டணம் என்பது பராமரிப்புத் திட்டத்தோடு சேர்ந்தே வர வேண்டிய தகவல். பிறகு தபாலில் வரும் தனிச் சங்கதி அல்ல. உங்கள் கவுன்சில் கொடுத்த திட்ட ஆவணத்தை எடுத்துப் பாருங்கள். அந்த இடத்தில் "பின்னர் அறிவிக்கப்படும்" என்றோ வெறும் கோடோ இருந்தால், உங்கள் வாதத்துக்கு அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

சட்டத்தோடு வெளியிடப்பட்ட அரசின் வழிகாட்டுதலின் 8ஆம் அத்தியாயம், கட்டணம் எப்படிக் கணக்கிடப்பட்டது, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையெல்லாம் அந்த எழுத்துப் பதிவு விளக்க வேண்டும் என்று கேட்கிறது. நிலுவையை வசூலிப்பது பற்றிய பிற்சேர்க்கை, கடன் உருவாகக்கூடும் என்பதை உரியவரோடோ அவருடைய பிரதிநிதியோடோ பேச வேண்டும், திருப்பிச் செலுத்தும் தவணை அவரால் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும், நீதிமன்றம் கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்கிறது. நாளெண்ணிக்கை எதையும் சட்டம் குறிக்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டியது உள்ளூர்க் கொள்கைதான். எனவே இந்தக் கருத்துக்கேட்பு உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு. 69ஆம் பிரிவின் கீழ் ஆறு ஆண்டுகள் வரை நிலுவையைக் கேட்கும் உரிமை கவுன்சிலுக்கு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். அவசரப்பட வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

அம்மாவின் நினைவாற்றல் பற்றிச் சொன்னீர்கள். நிதி விவரங்களைத் தானே புரிந்து முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவர் இருந்தால், சொத்து விவகாரங்களுக்கான நிலையான அதிகாரப் பத்திரம் (தன் சார்பாக முடிவெடுக்க அவரே முன்கூட்டி எழுதிக் கொடுப்பது) பெற்றவர், நீதிமன்றம் நியமித்தவர், அல்லது அரச உதவித்தொகைகளை அவர் சார்பாகப் பெற நியமிக்கப்பட்டவர் ஆகியோருடன் கவுன்சில் பேச வேண்டும். பில் யாருடைய பெயருக்குப் போக வேண்டும் என்ற கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்டுப் பதிவு செய்வது என்ற ஒரே ஒரு விதி இருந்திருந்தால், உங்கள் வீட்டில் நடந்ததில் பாதி நடந்திருக்காது. மொழிபெயர்ப்பு குறித்து ஓர் எச்சரிக்கை: 2016 முதல் நடைமுறையில் உள்ள அணுகத்தக்க தகவல் தரநிலை, ஊனமுற்றோருக்கான பெரிய எழுத்து, பிரெயில், எளிய வாசிப்பு வடிவம் போன்றவற்றுக்கானது, தமிழில் கடிதம் வேண்டும் என்று கேட்க அதைக் காட்டாதீர்கள், எளிதில் மறுத்துவிடுவார்கள். 4ஆம் பிரிவையும் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தையும் காட்டுங்கள்.

நடந்துவிட்டதற்கு முறைப்பாடு செய்யலாம். கவுன்சில் அதைப் பெற்றதாக மூன்று வேலைநாட்களுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால், பிரச்சினை தெரியவந்த 12 மாதங்களுக்குள் கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். ஆனால் முழு நிலுவையும் தள்ளுபடியாகிவிடும் என்று நம்பிப் போக வேண்டாம். முன்பே தெரிந்திருந்தால் உங்கள் குடும்பம் வேறு முடிவு எடுத்திருக்குமா என்பது அங்கே முக்கியமான கேள்வி. எப்படியிருந்தாலும் இந்தப் பராமரிப்பு தேவைப்பட்டிருக்கும் என்றால், தாமதத்தால் உண்டான மனவேதனைக்கு ஒரு சிறு தொகை, மன்னிப்புக் கடிதம், நீண்ட தவணை என்ற அளவில் முடியக்கூடும். "தெரிந்திருந்தால் நான் வேலை நேரத்தைக் குறைத்து மாலை வருகையை நானே பார்த்துக்கொண்டிருப்பேன்" என்று காட்ட முடிந்தால் நிலைமை மாறும். இப்போதைக்கு, மறுப்பு இல்லாத நடப்புக் கட்டணத்தைச் செலுத்தத் தொடங்கி, பழைய தொகையை மட்டும் பிணக்கில் உள்ளதாக எழுத்தில் அறிவியுங்கள்.

கிழக்கு லண்டன்வாசி (பதில்)

மேலே எழுதியவர்களோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் அழகாகவும் விரைவாகவும் அறிவிக்கப்பட்ட அநியாயக் கட்டணம் நியாயமாகிவிடாது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். 23,250 பவுண்டு என்ற எல்லை 2010க்குப் பிறகு உயரவே இல்லை; பதினைந்து ஆண்டு விலைவாசியில் அதன் மதிப்பு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஒருவரின் வாழ்நாள் பராமரிப்புச் செலவுக்கு 86,000 பவுண்டு உச்சவரம்பு என்று அரசு வாக்களித்து, தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் கைவிட்டது. ஸ்கொட்லாந்தில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கான தனிநபர் பராமரிப்பு (குளிப்பாட்டுதல், உடுத்துதல் போன்ற உதவி) 2002 முதல் இலவசம். வேல்ஸில் வீட்டுப் பராமரிப்புக்கான வாரக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. லண்டனிலேயே ஹமர்ஸ்மித் அண்ட் ஃபுல்ஹம் கவுன்சில் 2015இல் வீட்டுப் பராமரிப்புக் கட்டணத்தை நீக்கிவிட்டது. கடும் ஊனமுற்றோரின் மீது விகிதத்துக்கு மீறிய சுமையை ஏற்றிய நோர்ஃபோக் கவுன்சிலின் கட்டணக் கொள்கையை 2020இல் உயர் நீதிமன்றம் பாகுபாடானது என்று தீர்ப்பளித்தது. எனவே பனைநிழல், உங்கள் பதிலில் கட்டணத்தின் அளவைப் பற்றியும் இரண்டு பத்தி எழுதுங்கள். கடிதத்தைத் திருத்தச் சம்மதிப்பது அவர்களுக்குச் செலவில்லாத காரியம். அதைக் கொடுத்து மற்றதை மறக்கடித்துவிடுவார்கள்.

மலர்விழி, பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் (பதில்)

பராமரிப்பு நிறுவனம் ஒன்றில் வருகைகளை ஒழுங்குபடுத்தும் வேலை எனது. முன்கூட்டியே தொகையைச் சொல்ல வேண்டும் என்பதை ஏற்கிறேன், ஆனால் எப்படிச் சொல்வது என்பதில் கவனம் வேண்டும். சில கவுன்சில்கள் பாதுகாப்புக்காக முதல் கடிதத்திலேயே முழுச் செலவையும் போட்டு, "மதிப்பீடு முடியும்வரை இந்தத் தொகைக்கு நீங்கள் பொறுப்பாகலாம்" என்று எழுதிவிடுகின்றன. அதை வாசித்த அன்றே எங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பராமரிப்பை நிறுத்தியவர்களை நான் அறிவேன். அவர்களில் சிலர் ஒரு பென்னிகூடச் செலுத்த வேண்டியிராதவர்கள். விரைவாக அறிவித்ததாகக் கவுன்சில் கணக்குக் காட்டும், அங்கே ஒரு முதியவர் குளிக்க உதவியின்றி இருப்பார்.

எனவே சொல்லும் வரிசை முக்கியம். குறைந்தபட்ச வருமான உத்தரவாதத் தொகையும் (2025-26இல் வாரம் 232.60 பவுண்டு) உங்கள் வாடகைச் செலவும் உங்கள் கையில் இருக்கும், அதற்குக் கீழே உங்களை இறக்க மாட்டார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகே கட்டணத்தைச் சொல்ல வேண்டும். பராமரிப்பை நிறுத்த நினைத்தால் முதலில் இந்த எண்ணை அழையுங்கள் என்ற வரி அதே தாளில், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அழைப்பை எடுப்பவர் கணக்குத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும்.

நம்மவர் வீடுகளில் இன்னொன்றும் உண்டு. மகனோ மருமகளோ மொழிபெயர்க்கும்போது அம்மாமார் தங்கள் காசு விவரத்தைச் சொல்ல மாட்டார்கள். கழுத்துச் சங்கிலியையும் கணக்கில் எடுப்பார்களோ என்று அஞ்சி வாயைத் திறக்காதவர்கள் உண்டு. கட்டணத்தைக் குறைக்கும் நோக்கத்தோடு வாங்கியதாக இல்லாவிட்டால் தனிப்பட்ட உடைமைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் ஊரில் அவர் பெயரில் உள்ள காணி கேள்விக்கு உள்ளாகும், ஏனெனில் வெளிநாட்டுச் சொத்தும் மூலதனமே. இந்த இரண்டையும் வெளியாள் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வழியாக முதலிலேயே தெளிவாக்கினால், பிறகு 'மறைத்தார்' என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

பில்லைப் பற்றியும் ஒரு சொல். நான்கு வாரத்துக்கு ஒரே மொத்தத் தொகை போட்டு அனுப்பினால் யாராலும் சரிபார்க்க முடியாது. பராமரிப்பாளர் வந்துபோன நேரம் எங்கள் கருவிகளில் பதிவாகிறது. அரை மணி நேர வருகைக்குப் பதினைந்து நிமிடமே இருந்தாரா, வராமலேயே போனாரா என்பது பில்லோடு இணைந்து போனால், பாதிச் சண்டை குறையும். எங்கள் நிறுவனங்களுக்கு அது பிடிக்காது என்பது வேறு விஷயம்.

பனைநிழல்

அனைவருக்கும் நன்றி. திட்ட ஆவணத்தை எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் பங்கு என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது. கட்டணத்தின் அளவைப் பற்றியும் தனியாக எழுதுகிறேன். அறிவித்தல் குறித்த பகுதிக்கு நான் எழுதியிருக்கும் வரைவு இது; குறை இருந்தால் சொல்லுங்கள்.

"இலவசக் காலம் முடிவதற்கு முன்பே, முடியும் தேதியையும் அதன் பிறகான தோராயக் கட்டணத்தையும் கணக்கிட்ட முறையோடு எழுத்தில் தர வேண்டும். பில்லையும் கடிதங்களையும் யாருக்கு, எந்த மொழியில், எந்த வடிவில் அனுப்புவது என்பதை முதல் சந்திப்பிலேயே பதிவு செய்ய வேண்டும். படிவமும் ஆவணங்களும் முழுமையாகக் கிடைத்த நாளிலிருந்து 28 நாட்களுக்குள் இறுதி மதிப்பீட்டை முடிக்க வேண்டும். படிவம் திரும்பி வராவிட்டால், ஒருவர் நேரிலோ தொலைபேசியிலோ பேசாமல் முழுச் செலவை விதிக்கக் கூடாது. கவுன்சிலின் தாமதத்தால் சேர்ந்த தொகையை வசூலிக்கக் கூடாது."

பழைய மதிப்பீட்டாளர் (பதில்)

நல்ல வரைவு. இரண்டு இடங்களை மாற்றுங்கள். "ஆவணங்கள் முழுமையாகக் கிடைத்த நாளிலிருந்து" என்று எழுதினால் கவுன்சில் ஒவ்வொரு ஆண்டும் இலக்கை எட்டிவிடும். 27ஆம் நாளில் இன்னொரு வங்கி அறிக்கை கேட்டால் கடிகாரம் மறுபடி பூச்சியத்துக்குப் போய்விடும். நாங்களே அப்படித்தான் இலக்கை எட்டிக்கொண்டிருந்தோம். "கட்டணத்துக்குரிய பராமரிப்பு தொடங்கிய நாளிலிருந்து" என்று எழுதுங்கள். அப்போதுதான் படிவத்தை விரைவாக அனுப்புவதும், சமூகப் பணியாளர் குறிப்பை அன்றே கொடுப்பதும் கவுன்சிலின் சொந்த அக்கறையாக மாறும்.

கடைசி வாக்கியத்தை இப்படியே வைத்தால், வருவாய் இழப்பு என்று சொல்லி நிதிக் குழு ஒரே வரியில் நிராகரித்துவிடும். அதற்குக் கீழே ஒரு மாற்று யோசனையையும் சேருங்கள்: தோராயக் கட்டணம் எழுத்தில் தரப்படாத காலத்துக்கு நிலுவை கேட்பதானால், அதை ஒரு மூத்த அதிகாரி தனித்தனியாக ஆராய்ந்து, காரணத்தை எழுதி, குடும்பத்துக்கும் ஒரு பிரதி கொடுத்த பிறகே கேட்கலாம் என்று. ஒவ்வொரு முறையும் ஒரு மேலதிகாரி உட்கார்ந்து எழுத வேண்டும் என்ற நிலை வந்தால், அந்தப் பில்கள் எப்படிக் குறையும் என்பதைப் பார்ப்பீர்கள். கருத்துக்கேட்பு முடியும் தேதிக்கு முன்பே, காலியான கட்டத்தோடு கூடிய அந்தப் பக்கத்தின் நகலையும், அம்மாவின் பெயர், முகவரியை மறைத்து இணைத்து அனுப்புங்கள்.